ஊரிகத்துப் பள்ளிக்குத் திட்டம் எழுத வேண்டியவர் யார்?

விடியலுக்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் ஊரிகம் நிலையத்தில் நிற்கும்போது, நடைமேடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் உழைப்பாளிகள். ஒப்பந்தக் கூலிகள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கடை ஊழியர்கள், தையல் ஆலைப் பெண்கள். பிள்ளைகள் உறங்கிக் கொண்டிருக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள், அவர்கள் மீண்டும் உறங்கிய பிறகே வீடு திரும்புகிறார்கள். கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட 2001 முதல் தங்கவயலின் வாழ்க்கை இந்த ரயில் அட்டவணையில்தான் ஓடுகிறது.

அந்தப் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் “கற்றல் அடைவை உயர்த்தும் திட்டம்” வகுக்கப்பட வேண்டும் என்று அரசு கூறுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து அதை வகுக்க வேண்டுமாம். கூட்டம் கூடுவது பெரும்பாலும் வேலைநாளின் பகற்பொழுதில். அந்நேரம் பெற்றோர் அறுபது, எழுபது கல் தொலைவில் ஏதோ ஒரு கட்டடத்தில் கூலிக்கு நிற்கிறார்கள். ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். பிறகு யார் திட்டமிடுகிறார்கள்? மேலிருந்து வரும் படிவம் திட்டமிடுகிறது. தலைமை ஆசிரியர் நிரப்புகிறார். பெற்றோரின் கையெழுத்து பின்னர் வாங்கப்படுகிறது. இதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர்.

சட்டம் கூறுவதும் ஆட்சியாளர் மறைப்பதும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. பின்தங்கிய, நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தரப்பட வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அக்குழுவே தயாரிக்க வேண்டும் என்பது 22ஆம் பிரிவு. அரசும் உள்ளாட்சி அமைப்பும் அப்பள்ளிக்கு வகுக்கும் திட்டங்களுக்கும் வழங்கும் நிதிக்கும் அந்த ஆவணமே அடிப்படையாக வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

இந்தக் கடைசி வாசகத்தைத்தான் ஆட்சியாளர்கள் மறைக்கிறார்கள். வரும் ஆண்டுகளில் எந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் இருப்பார்கள், எத்தனை ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை, எத்தனை வகுப்பறை, எவ்வளவு பணம் என்று ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு மூன்றாண்டுத் திட்டம் தர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் வரையறுத்தன. அதாவது, சட்டத்தின் நோக்கில் பள்ளித் திட்டம் என்பது மக்கள் அரசுக்கு அனுப்பும் கோரிக்கைப் பட்டியல். நடைமுறையிலோ அது அரசு ஆசிரியருக்கு அனுப்பும் குற்றப்பத்திரிகையாகத் தலைகீழாக்கப்பட்டுள்ளது. “உமது பள்ளியில் இத்தனை சதவீதக் குழந்தைகள் வாசிக்கவில்லை. என்ன செய்யப் போகிறீர்?” என்று அதிகாரி கேட்கிறார். “எமது பள்ளிக்கு இத்தனை ஆசிரியர்கள் இல்லை. என்ன செய்யப் போகிறீர்?” என்று பெற்றோர் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

பணத்தைப் பார்த்தாலும் கதை விளங்கும். சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் முப்பது குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்குத் தரப்படும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 27 ரூபாய் சில்லறை. சுண்ணாம்புக் கட்டி முதல் சிறு பழுதுபார்ப்பு வரை இதற்குள் முடித்துக்கொண்டு, கற்றல் அடைவையும் உயர்த்திக் காட்ட வேண்டும்! நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தை மறுபடி எழுதிவைத்திருக்கிறது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் அது எழுத்தாகவே இருக்கிறது.

தேர்வு எனும் சாட்டை

இந்தத் தலைகீழாக்கம் இறக்குமதிச் சரக்கு. அமெரிக்காவில் புஷ் ஆட்சி 2002இல் கையெழுத்திட்ட “எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது” எனும் சட்டம், 2014க்குள் எல்லாக் குழந்தைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. தொடர்ந்து இலக்கைத் தவறவிட்ட பள்ளிகள் மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். அதன் பிறகும் தவறினால் நிர்வாகம் மாற்றப்படும், அல்லது பள்ளி வேறு கைகளுக்குப் போகும். விளைவு என்ன? அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே குழந்தைகளின் விடைத்தாள்களைத் திருத்தி எழுதினர். 2011இல் வெளியான ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 கல்விப் பணியாளர்களின் பெயர்களைச் சுட்டியது. 2015இல் அந்தச் சட்டமே கைவிடப்பட்டு வேறு சட்டம் கொண்டுவரப்பட்டது. அங்கே தோற்ற மருந்துதான் இங்கே புதுப் புட்டியில் வருகிறது.

கர்நாடக அரசு 5, 8, 9ஆம் வகுப்புகளுக்கு வாரியத் தேர்வு நடத்த முனைந்து, 2024 ஏப்ரலில் அதன் முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் வரை சென்றது. ஒன்றிய அரசோ 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் குழந்தைகளைத் தேக்கி வைக்க வழி திறந்தது. பெங்களூரில் ஒரு கட்சி, தில்லியில் மற்றொரு கட்சி. ஆயினும் ஏழைக் குழந்தை வாசிக்காததற்குத் தேர்வே தீர்வு என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து தராமல் வெப்பமானியை மட்டும் திரும்பத் திரும்ப வைப்பது போன்றது இது.

தங்கவயலுக்கு நாடு பட்ட கடன்

ஊரிகத்துக் குழந்தையின் கற்றல் அடைவை அளக்கிறவர்கள், முதலில் ஊரிகத்துக்கு நாடு பட்டிருக்கும் கடனை அளக்க வேண்டும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்தது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட சாதி உழைப்பாளிகள் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கித் தங்கம் வெட்டினார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே இங்கே மின்சாரம் வந்தது, சுரங்க எந்திரங்களுக்காக. தொழிலாளிக்குக் கிடைத்தது லைன் வீட்டின் ஒற்றை அறை.

இம்மக்களுக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய மண் இது. அவர் மறைந்த பிறகு ‘தமிழன்’ இதழைச் சாம்பியன் ரீஃபிலிருந்து மீண்டும் நடத்தினார் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்துதான் நூல்களை வெளியிட்டது. சுரங்கத்தில் இறங்கிய கைகளே அச்சுக் கோத்த கைகளுக்கும் சோறு போட்டன. 1930இல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவர்களும், 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களைப் பலிகொடுத்தவர்களும் இவர்களின் பாட்டன்மார்களே.

2001 பிப்ரவரி இறுதியில் ஒன்றிய அரசு சுரங்கத்தை மூடியது. அதே ஆண்டில்தான், ராஜா ராமண்ணா தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, கர்நாடக அரசு பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தது. ஒரு கையால் பெற்றோரின் வேலையைப் பறித்த ஆட்சியமைப்பு, மறு கையால் “பள்ளியை நீங்களே மேம்படுத்துங்கள்” என்று அழைத்தது. இன்றும் சயனைடு மேடுகளின் தூசி காற்றடிக்கும் காலத்தில் குடியிருப்புகள் மீது படிகிறது. 2024இல் அந்த மேடுகளைத் தோண்டி எஞ்சிய தங்கத்தை எடுக்க 1,003 ஏக்கரில் அனுமதி தரும் முடிவை மாநில அமைச்சரவை எடுத்தது. மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்குத் திட்டம் உண்டு. அந்த மண்ணில் வளரும் குழந்தையின் நுரையீரலுக்கும் வகுப்பறைக்கும் திட்டம் எங்கே?

தாய்மொழியும் வாழ்மொழியும்

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. தங்கவயலின் தமிழ்வழிப் பள்ளிகளோ ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வருகின்றன. ஆசிரியர் ஓய்வுபெற்றால் இடம் நிரப்பப்படுவதில்லை. ஆசிரியர் இல்லாததால் பெற்றோர் குழந்தையை எடுத்துக்கொண்டு தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். குழந்தைகள் இல்லாததால் பள்ளி தேவையில்லை என்கிறது அரசு. முதலில் பட்டினி போட்டுவிட்டுப் பிறகு மெலிந்துவிட்டாய் என்று குற்றம் சாட்டும் வழி இது.

இதைக் கன்னட மொழிக்கு எதிரான சண்டையாக மாற்ற எவரேனும் முனைந்தால், தோழர்கள் அதற்கு இடம் தரலாகாது. கன்னடம் இந்த மாநிலத்தின் மொழி. ஊரிகத்துப் பிள்ளை நாளை வேலை தேடும்போது அது வாழ்மொழி. தாய்மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் உறுதியாகக் கற்கும். புரியாத மொழியில் எழுத்துக்கூட்டத் தொடங்கும் குழந்தை எதையும் உறுதியாகக் கற்காது. நல்ல தமிழ்வழி வகுப்பும் நல்ல கன்னட ஆசிரியரும் ஒரே பள்ளியில் வேண்டும் என்பதே உழைப்பாளி மக்களின் கோரிக்கை.

குறை உண்டு, அதை மறைப்பதற்கில்லை

அரசுப் பள்ளிகளில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாதிடுவது இடதுசாரிகளின் வேலையல்ல. 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவீதத்தினர் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. நான்கில் மூன்று பங்கு குழந்தைகளால் முடியவில்லை. அவர்கள் யாருடைய பிள்ளைகள்? வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் அல்லர். ஆகவே இக்குறையை முதலில் உணர வேண்டியதும், அதற்காக முதலில் கோபப்பட வேண்டியதும் உழைப்பாளி வர்க்கத்தின் கட்சியே.

ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுவது பயன் தரும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. மைசூர் மாவட்டத்தின் எச்.டி. கோட்டையில் 1995இல் ஆசிரியர்கள் கூடி உருவாக்கியதே ‘நலி கலி’ முறை. குழந்தை தன் வேகத்தில் கற்க அட்டைகளையும் ஏணிப்படிகளையும் அமைத்தவர்கள் வகுப்பறை ஆசிரியர்கள். அது மாநிலம் முழுவதற்கும் ஆணையாக இறங்கியபோது, உருவாக்கியவர்களுக்கு இருந்த நேரமும் உரிமையும் மற்ற ஆசிரியர்களுக்குத் தரப்படவில்லை. அட்டை வந்தது, ஆசிரியரின் சிந்தனைக்கு இடம் வரவில்லை.

அந்த நேரம் சட்டப்படியே ஆசிரியருக்கு உரியது. வாரத்துக்கு 45 மணி நேர வேலையில் பாடத் தயாரிப்பும் அடங்கும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஆனால் அந்த நேரத்தைப் பதிவேடுகளும் செயலிகளும் விழுங்குகின்றன. 2025 அக்டோபரில் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காக ஆசிரியர்கள் அனுப்பப்பட்டு, தசரா விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. சமூக நீதிக்கு அக்கணக்கெடுப்பு தேவைதான். அதற்கு ஏழைக் குழந்தையின் வகுப்பு நாட்களை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. வேலையில்லாத பட்டதாரிகள் தங்கவயலிலேயே எத்தனையோ பேர் உண்டு.

தோழர்கள் முன்னுள்ள பணி

பள்ளிக் குழுவை உள்ளூர்ப் பிரமுகர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் விட்டுவைத்தது இயக்கத்தின் குறையும் ஆகும். ஆலைவாயிலில் கொடி ஏற்றியவர்கள் பள்ளிவாயிலைக் கவனிக்கத் தவறினர். இனி அது தொடரக் கூடாது.

குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையோ மாலை ரயில் வந்த பிறகோ கூடட்டும் என்று ஒவ்வொரு கிளையும் கோர வேண்டும். பெற்றோராக உள்ள தோழர்கள், குறிப்பாகப் பெண் தோழர்கள், குழுவில் இடம்பெற வேண்டும். ஆசிரியரை எதிரியாக நிறுத்தாமல் கூட்டாளியாகக் கொண்டு, எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்தில் தடை, எவ்வளவு கூடுதல் நேரம் தேவை என்று பெயர் வாரியாக அமர்ந்து பேச வேண்டும். லைன் வீடுகளுக்கு இடையே மாலைநேர வாசிப்பு வகுப்புகளை வாலிபர், மாணவர் அமைப்புகள் நடத்தலாம். ஆனால் அது அரசின் கடமைக்கு மாற்று ஆகாது என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 22ஆம் பிரிவின்படி மூன்றாண்டுத் திட்டத்தை மக்களே எழுத வேண்டும். நிரப்பப்படாத தமிழாசிரியர் இடம், கன்னட ஆசிரியர், நூலகம், கழிப்பறை, தூசி புகாத சன்னல், மதிய உணவுக் கூடம் என ஒவ்வொன்றையும் அதில் கணக்கோடு எழுதி, ஊர் கூடிக் கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அதிகாரியின் மேசையில் ஊர்வலமாகச் சென்று வைக்க வேண்டும். அதற்கு நிதி தர மறுத்தால் மறுத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியட்டும்.

பூமியின் ஆழத்திலிருந்து நாட்டுக்குத் தங்கம் எடுத்துத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கும் உரிமையைக் கேட்கிறார்கள். இது பிச்சையல்ல, வட்டியோடு திருப்பித் தரப்பட வேண்டிய கடன். அந்தக் கடன்பத்திரத்தை எழுதும் பேனா ஊரிகத்து மக்களின் கையில் இருக்க வேண்டும்.