பொறியும் நெறியும்

"தொழில் வளரட்டும், அறிவு தானாக வளரும், ஆலை எழட்டும், அடிமைத்தனம் தானாக விழும்!" என்று பேசுவோர் உளர். கேட்பதற்கு இனிக்கிறது இந்த வாதம். ஆனால், ஆலைகள் முதன்முதல் எழுந்த இங்கிலாந்து நாட்டின் வரலாறே அதற்கு மறுப்புரை தருகிறது.

1769-ஆம் ஆண்டில், நீராவிப் பொறியில் தாம் கண்ட புதுமைக்கு உரிமம் பெற்றார் ஜேம்ஸ் வாட். அதே ஆண்டில், நீர்விசையால் நூல் நூற்கும் பொறிக்கு உரிமம் பெற்றார் ஆர்க்ரைட். 1785-இல் வந்தது கார்ட்ரைட்டின் விசைத்தறி. மான்செஸ்டர் நகரில் புகைபோக்கிகள் வளர்ந்தன, வாணிகம் கொழித்தது. புகைபோக்கியின் உயரத்தை வியந்து பேசியோர் பலர். அதன் நிழலிலே வளர்ச்சி குன்றி நின்ற குழந்தையின் உயரத்தை அளந்து பார்த்தோர் எத்தனை பேர்?

பிழைப்பு பறிபோன பின்னல் தொழிலாளர் கொதித்தெழுந்தனர். 1811-ஆம் ஆண்டு நாட்டிங்காம் வட்டாரத்தில், சம்மட்டி எடுத்துப் பொறிகளை உடைத்தனர். பொறியை உடைத்தவனுக்கு மரண தண்டனை என்று 1812-இல் சட்டம் செய்தது ஆட்சி! பிரபுக்கள் அவையிலே கவிஞர் பைரன் எதிர்த்துப் பேசினார்; பயனில்லை. உயிரற்ற பொறிக்கு அத்தனை பரிவு. உயிருள்ள மனிதனுக்கோ தூக்குக் கயிறு!

சம்மட்டி தோற்றது. பிறகு எது வென்றது? அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1814, நவம்பர் 29. இலண்டன் 'டைம்ஸ்' ஏடு, நீராவியால் இயங்கும் அச்சுப்பொறியில் முதன்முதலாக அச்சாகி வெளிவந்தது. மணிக்கு 1,100 தாள்கள்! நெசவாளியின் சோற்றைப் பறித்த அதே நீராவி, அவன் அறிவுக்கு விருந்து படைக்கவும் தயாராக நின்றது. வந்ததா விருந்து? வரவிடவில்லை! மறு ஆண்டே, 1815-இல், செய்தி ஏட்டின் மீதான முத்திரைத் தீர்வை நான்கு பென்னியாக உயர்த்தப்பட்டது. பொறி ஏட்டை மலிவாக்கியது. ஆட்சி அதை அருமையாக்கியது! ஏழை உழைக்கலாம், உண்ணாமலும் கிடக்கலாம்; ஆனால் படிக்கக் கூடாது! ஏன்? படித்தவன் கேட்பான், கேட்பவன் ஒருநாள் எழுவான்!

அந்தத் தடையைத் தகர்த்தவர் ஹென்றி ஹெதரிங்டன் என்னும் அச்சுத் தொழிலாளி. 'ஏழையின் காவலன்' எனும் பொருள்படும் பெயரிலே, 1831-இல், முத்திரையே இல்லாமல் ஒரு பென்னிக்கு ஏடு வெளியிட்டார். முத்திரை இருக்க வேண்டிய இடத்திலே அச்சுப்பொறியின் படத்தைப் பொறித்தார்! சிறை அழைத்தது, சென்றார். மீண்டார், மீண்டும் அச்சிட்டார். தெருவிலே ஏடு விற்ற குற்றத்திற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். 1836-இல் தீர்வை ஒரு பென்னியாக இறங்கியது. 1855-இல் ஒழிந்தே போயிற்று. சம்மட்டியால் சாயாத கோட்டை, தாளுக்குச் சாய்ந்தது!

படித்தவன் எதைக் கண்டான்? பகை பொறி அல்ல, பொறியை ஆளும் நெறியே என்று கண்டான். 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்றது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு நாள்தோறும் இரண்டு மணி நேரக் கல்வி என்றது. சட்டம் முழுமையானதன்று, ஆயினும், ஆலைக்குள் எழுத்து நுழைந்தது. 1838-இல் எழுந்தது மக்கள் சாசனம். ஆறு கோரிக்கைகள், வாக்குரிமை அவற்றுள் தலையாயது. 1842-இல் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் பாராளுமன்றம் சென்றது, நிராகரிக்கப்பட்டது. கைகொட்டிச் சிரித்தோரெல்லாம் மறைந்தனர். ஆறில் ஐந்து கோரிக்கைகள் பின்னாளில் சட்டமாயின! அந்தச் சாசனத்திலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். ஆடவர்க்கு மட்டுமே அது வாக்குக் கேட்டது. ஆலையிலே உடன் உழைத்த பெண்ணுக்குச் சம வாக்குரிமை கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று எழுதும் பொறி வந்துவிட்டது. பேசும் பொறியும் வந்துவிட்டது. வியந்து வாய்பிளப்பாரும் உண்டு, வெகுண்டு கல்லெறிவாரும் உண்டு. நாம் இரண்டும் செய்ய வேண்டா. மூன்று கேள்விகள் கேட்போம்: இந்தப் பொறி யார் கையில்? இதன் பயன் யார் பையில்? இதனால் வேலையிழப்பவனுக்குச் சட்டம் தரும் காப்பு என்ன?

கேட்பதற்கு அறிவு வேண்டும். அறிவுக்குப் படிப்பு வேண்டும். மன்றத்திலே பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறந்து வையுங்கள், தோழர்களே! மாலையிலே நால்வர் கூடுங்கள். ஒருவர் படிக்க, மூவர் கேளுங்கள். பொறி தானாகச் சுழலும். காலம் தானாகத் திரும்பாது. அதைத் திருப்பும் கை, ஏடு ஏந்திய கையாக இருக்கட்டும்!