துளைக்கொரு வயர்! ஜேபிக்கொரு ஓட்டை!

பழனி மலையின் மேலே, பூம்பாறைப் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். வீட்டில் மூன்று போன். தாயிடம் ஊசிபோல் மெல்லிய பின் கொண்ட பழைய பட்டன் போன். மகனுடையது மைக்ரோ பின். மகள் தவணையில் வாங்கியது டைப் சி. மூன்று போனுக்கு மூன்று வயர்! மழையும் காற்றும் அடித்து, மரம் சாய்ந்து, இரண்டு நாள் கரண்டு இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு மணி நேரம் வருகிறது. அந்த நேரம் பார்த்து மகளின் வயர் அறுந்து கிடக்கிறது. மற்ற இரண்டு வயர்களும் கண்ணெதிரே இருக்கின்றன. இருந்து என்ன பயன்? துளையில் நுழையாது!

"இதெல்லாம் ஒரு பிரச்னையா?" என்று காரில் மலையேறி வரும் கனவான்கள் சிரிக்கக்கூடும். பிரச்னைதான் ஐயா, கூலிப் பிரச்னை! 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் போன் மூலமே வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. தினமும் இரண்டு முறை படம் பிடிக்க வேண்டும். யாருடைய போனில்? பணித்தளப் பொறுப்பாளரான ஏழைப் பெண்ணின் சொந்தப் போனில்! அது அணைந்து போனால் மண் வெட்டியவர்கள் அத்தனை பேரின் கூலியும் அந்தரத்தில் தொங்கும். கூலி பாங்கியில் விழுந்த சேதியும் போனில்தான். மில்லில் ஷிப்டு மாறிய சேதியும் போனில்தான். மண்வெட்டியைப் போல இதுவும் இன்று வேலைக் கருவி. போனைக் கட்டாயமாக்கத் தெரிந்த சர்க்காருக்கு வயரைப் பொதுவாக்கத் தெரியாதா?

பல்புக்குக் கம்பெனிக்கொரு ஹோல்டர் இல்லை. போன் துளை மட்டும் ஏன் ஆளுக்கு ஒன்றாக இருந்தது? விஞ்ஞானத்தின் குறையா? இல்லை, லாபத்தின் திட்டம்! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்; துளை இரண்டுபட்டால் கம்பெனிக்குக் கொண்டாட்டம். போனை ஒருமுறை விற்கலாம். வயரை வாழ்நாளெல்லாம் விற்கலாம்.

ஆப்பிள் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2009இல் ஐரோப்பாவில் பெரிய போன் கம்பெனிகள், இனி ஒரே மாதிரி சார்ஜர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. ஆப்பிளும் கையெழுத்திட்டது. ஆனால் தன் துளையை மாற்றவில்லை. "வேண்டுமானால் இணைப்பான் வாங்கி மாட்டிக் கொள்ளுங்கள்" என்றது. 2012இல் பழைய துளையைத் தூக்கி எறிந்து, யாருக்கும் பொருந்தாத புதிய துளை ஒன்றைக் கொண்டு வந்தது. அந்த வயருக்குள் ஒரு சில்லு! உரிமம் பெற்ற வயர்தானா என்று அது காவல்காரனைப் போலச் சோதிக்கும். 2020இல் பெட்டியிலிருந்து சார்ஜரையே எடுத்துவிட்டு, "சுற்றுச்சூழலைக் காக்கிறோம்" என்று உபதேசமும் செய்தது. யானையை விற்றவன் அங்குசத்துக்குத் தனி விலை கேட்ட கதை! பிரேசில் சர்க்கார் இதை ஏற்கவில்லை. 2022இல் அபராதம் போட்டது.

"சட்டம் போட்டால் புதுமை செத்துவிடும்" என்று கம்பெனி கூக்குரலிட்டது. 2022 அக்டோபர் 4இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 ஓட்டுகளுக்கு 13 என்ற கணக்கில் பொதுச் சார்ஜர் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் போனுக்கெல்லாம் டைப் சி துளை கட்டாயம். புதுமை செத்ததா? 2023 செப்டம்பரிலேயே ஆப்பிள் போன் டைப் சி துளையோடு சந்தைக்கு வந்து நின்றது! வாக்குறுதி பதினான்கு ஆண்டுகளில் செய்யாததைச் சட்டம் ஓராண்டில் செய்தது.

இதில் நமக்கொரு சங்கதி உண்டு. அந்த 2023ஆம் ஆண்டுப் போனைப் பூட்டிய கைகளில் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களின் கைகளும் உண்டு. விடுதியில் கெட்ட உணவு தின்று சகதோழிகள் நோயில் விழுந்தபோது, 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்த அதே பாக்ஸ்கான் தொழிலாளிகள்! அவர்கள் செய்யும் பொருளுக்கு ஐரோப்பாக்காரன் விதி வகுக்கிறான். செய்கிற நாடு வகுக்கக் கூடாதா?

பழனிவாசிகளுக்கு இது புதுக்கதை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாதை அகலத்துக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தது. இரண்டும் சந்திக்கும் ஜங்ஷனில் மூட்டையெல்லாம் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற வேண்டும். முதுகு ஒடிந்தது யாருக்கு? சுமை தூக்கும் தொழிலாளிக்கு! 1992இல் ஒரே பாதைத் திட்டம் வந்தது. பழனி–பொள்ளாச்சிப் பாதை அகலமானது 2015இல்தான். இரும்புப் பாதையையே பெயர்த்து மாற்ற முடிந்த நாட்டில், விரல் நுனி அளவுத் துளையை மாற்ற முடியாதா?

டைப் சி வந்தும் தில்லுமுல்லு தீரவில்லை. வடிவம் ஒன்று, வயிறு வேறு! ஒரு வயர் மூன்று ஆம்பியர் தாங்கும். இன்னொன்று ஐந்து தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. "அதிவேக சார்ஜ்" என்று கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனி முறை. வேறு வயர் போட்டால் ஆமை வேகம். ஆகவே துளை ஒன்றானால் போதாது, முறையும் ஒன்றாக வேண்டும்.

அறுந்த வயர் எங்கே போகிறது? குப்பை மேட்டுக்கு. செம்புக்காக அதைக் கொளுத்துகிறவன் ஏழை. நச்சுப் புகையைக் குடிப்பவனும் அவனே. கம்பெனிக் கழிவு என்றால் என்னவென்று கோடைக்கானலுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்து வந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு, 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடியது. 591 முன்னாள் தொழிலாளிகளுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்! லாபம் மலையிறங்கிப் போயிற்று. விஷம் மலையில் தங்கிற்று.

இந்திய சர்க்கார் என்ன செய்தது? 2022இல் கம்பெனிகளைக் கூட்டிப் பேசியது. 2023 தொடக்கத்தில் டைப் சிக்குத் தர நிர்ணயம் வெளியிட்டது. தரத்தை அச்சடித்தால் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஏழை வாங்கும் பட்டன் போன் உட்பட எல்லாப் போனுக்கும் ஒரே துளை, ஒரே சார்ஜ் முறை. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று வயரின் மேலேயே தமிழில் எழுத்து. பழைய வயரைத் திரும்ப வாங்கும் பொறுப்பு கம்பெனிக்கு. வேலைக்குப் போனைக் கட்டாயமாக்கும் இடத்தில், போனும் சார்ஜும் வேலை கொடுப்பவன் செலவு. இவையே நமது கோரிக்கைகள்.

தோழர்களே! வயர் சிறிது, ஆனால் அதன் வழியே உறிஞ்சப்படுவது நம் உழைப்பு. மில் வாசலிலும் தோட்டத்து லயத்திலும் இதைப் பேசுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்! தானாக மனம் திருந்திய கம்பெனி உலகில் இல்லை. சட்டம் வந்தால்தான் திருந்தும். நாம் திரண்டால்தான் சட்டம் வரும்!