ஊறுகாய் எடுத்தாச்சு, ஓடிபி எந்த போனுக்கு வரும்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுப் பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களிடம் என்னென்ன தயார் செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குளிர்க் கோட்டு, குக்கர், ஊறுகாய், பருப்புப் பொடி, புது லேப்டாப் என்று பட்டியல் நீளும். மற்றதை அங்கே போய் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிர். கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதை எல்லாம் நம் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். அங்கே போனபின் முதல் ஒரு மாதத்துக்குப் பேப்பரும் பேனாவும்தான் துணை.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வுப் பயிற்சிக்காகத் தங்கியிருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம், அதில் இருபதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். கணித மேதை காஸும் இயற்பியல் பேராசிரியர் வெபரும் 1833-ல் வீட்டுக் கூரைகளுக்கு மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் எல்லாம் இன்டர்நெட்டிலேயே நடக்கும் என்றுதான் நம் மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். ஆனால் அங்கே முதல் நாள் தேட வேண்டியது வைஃபை அல்ல, தபால் பெட்டி!

காரணம் இதுதான். ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் ஃபிளாட் எண் இருக்காது. வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, பேங்க் கார்டு, அதன் ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. எனவே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வீட்டு முகவரிப் பதிவு. மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. வாடகை குறைவு, ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லும் அறைகள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். பதிவு இல்லாமல் வரி எண் வராது, பேங்க் வேலையும் இழுத்தடிக்கும்.

அறை தேடுவதைத்தான் எல்லோரும் ஊரிலிருந்தே இன்டர்நெட்டில் செய்கிறார்கள். ஏமாறுவதும் இங்கேதான். அழகான படங்கள், நம்ப முடியாத வாடகை. உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் இ-மெயில் வரும். இது மிகப் பழைய மோசடி. ஜெர்மன் சட்டப்படி உரிமையாளர் மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம் என்பதால், போகும் தொகை சிறியதல்ல. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிடமோ, உங்களை அழைத்த பேராசிரியரின் அலுவலகத்திடமோ கேட்டு, முதலில் மாணவர் விடுதியில் இடம் பாருங்கள். தனியார் அறையென்றால் நேரில் பார்த்த பிறகே பணம்.

இனி கம்ப்யூட்டர் வேலைக்கு வருவோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது போன் நம்பர். உங்கள் இ-மெயில் கணக்கில் பாதுகாப்பு எண்ணாக யாருடைய நம்பர் இருக்கிறது? பல வீடுகளில் அப்பாவின் நம்பர். கோட்டிங்கனில் குளிர்கால இரவு 9 மணிக்கு நீங்கள் லாகின் செய்தால், நம் ஊரில் நள்ளிரவு 1.30. ஓடிபி தலையணைக்கு அடியில் கிடக்கும், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். கிளம்பும் முன்பே உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள். நம் பேங்கின் ஓடிபி இந்திய சிம்முக்குத்தான் வரும் என்றால், அந்த சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும், ரீசார்ஜ் காலாவதியாகக் கூடாது. கூகுள் கணக்கில் பத்து பேக்கப் எண்களைப் பெறும் வசதி உள்ளது. அவற்றைப் பிரின்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இதேபோல் பலர் கவனிக்காத வசதி எஜுரோம். உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை இது. இந்தியாவில் எர்நெட் நிறுவனம் இதை நடத்துகிறது. உங்கள் கல்லூரி இதில் உறுப்பினரா என்று கேளுங்கள். கோட்டிங்கனில் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது உங்கள் சொந்தக் கல்லூரியின் சர்வர்தான். அதனால் லேப்டாப்பில் அதை இங்கேயே அமைத்து, ஒருமுறை இணைத்தும் பார்த்துவிட வேண்டும். அங்கே போய் இணைப்புக் கிடைக்கவில்லை என்றால், பதில் சொல்ல வேண்டிய சிஸ்டம் அட்மின் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்.

ஆய்வகக் கம்ப்யூட்டரில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் கீபோர்டில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். இ-மெயில் முகவரியில் வரும் அட் குறிக்கு ஆல்ட்ஜிஆர் கீயுடன் கியூவை அழுத்த வேண்டும். பாஸ்வேர்ட் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. சந்தேகம் வந்தால் முதலில் நோட்பேடில் அடித்துப் பாருங்கள், பிறகு அதை அழித்துவிடுங்கள்.

டோரன்டில் தமிழ்ப் படம் இறக்கும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே அந்த புரோகிராமை நீக்கிவிடுங்கள். நீங்கள் டவுன்லோட் செய்யும்போதே மற்றவர்களுக்கு அப்லோடும் நடக்கிறது. அதைக் கண்காணித்து, நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு வக்கீல் கடிதம் வரும். அதுவும் உங்கள் பெயருக்கு அல்ல, இன்டர்நெட் இணைப்பு வைத்திருக்கும் அறைத் தோழரின் பெயருக்கு! முன்பின் தெரியாத ஊரில் உங்களுக்கு இடம் கொடுத்தவரை இப்படி மாட்டிவிடுவது நியாயமா?

கடைசியாக, வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு. மகளிடமோ மகனிடமோ தினமும் பேசத்தான் பல வீடுகளில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே கோடையில் மாலை 5.30. ஆய்வகத்தில் எல்லோரும் வேலையை முடித்து, சேர்ந்து வெளியே கிளம்பும் நேரம். எந்தக் கடையில் அரிசி மலிவு, எந்த அலுவலகத்தில் கூட்டம் குறைவு, எந்த விடுதியில் அறை காலியாகிறது என்பதெல்லாம் அந்த நடையில்தான் காதில் விழும். தினமும் அதே நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால், பிள்ளை மூடிய அறையில் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். அன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.