குற்றவியல் வகுப்பில் சாதி எத்தனையாவது அலகு?

எல்.எல்.எம். சேர்க்கை நடந்த நாளில், பிரிவைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் ‘குற்றவியல் சட்டம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் என் சான்றிதழ் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சாதிச் சான்றிதழ் வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, உங்களுக்கெல்லாம் கான்ஸ்டிடியூஷன்தானே சரியா வரும்?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் இப்போதும் நினைக்கவில்லை. அந்த ‘உங்களுக்கெல்லாம்’தான் உறுத்துகிறது. ஆனால் அவருடைய கணிப்பு தவறு என்றும் சொல்ல முடியாது. அம்பேத்கர் வாசிப்பு வட்டங்களிலிருந்து சட்டம் படிக்க வந்த என் நண்பர்களில் பெரும்பாலோர் முதுநிலையில் அரசியலமைப்புச் சட்டத்தையோ மனித உரிமைகளையோதான் எடுத்தார்கள். குற்றவியலுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் புரியாமல் இல்லை. அரசியலமைப்பு நம்முடைய பெருமிதம். பிரிவு 17 என்று சொல்லும்போதே ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. குற்றவியல் என்றால் காவல் நிலையம், லத்தி, சிறை என்று காலங்காலமாக நம்மைத் துரத்திய பக்கம். அதை எதற்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஊரில் அடிவாங்கியவர் முதலில் போய் நிற்பது காவல் நிலைய வாசலில். அவருடைய வழக்கு தோற்பது முதல் தகவல் அறிக்கையின் தேதியில், போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில், விசாரணை அதிகாரியின் பதவிநிலையில், பிறழ் சாட்சியில். இவை எல்லாவற்றையும் சொல்லித்தருகிற வகுப்பை நாம் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.

அந்த வகுப்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக்குழுவின் பழைய மாதிரிப் பாடத்திட்டத்தில் எல்.எல்.எம். குற்றவியல் பிரிவுக்கு இரண்டு நல்ல தாள்கள் உண்டு. ஒன்று ‘பிரிவிலேஜ்டு கிளாஸ் டீவியன்ஸ்’, அதாவது அதிகாரமும் வசதியும் உள்ளவர்கள் செய்யும் குற்றங்கள். போலீஸ், நீதிபதி, அதிகாரி, நிலவுடைமையாளர் எல்லோரும் அந்தத் தாளில் கூண்டில் நிற்கிறார்கள். நிலவுடைமையாளரின் குற்றத்துக்குப் பக்கத்தில் ‘வர்க்கம் / சாதி சார்ந்தது’ என்று வெளிப்படையாகவே இருக்கும். இன்னொன்று ‘கலெக்டிவ் வயலன்ஸ்’, கூட்டு வன்முறை. பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைகளுக்கு அதில் தனி அலகே இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இந்தத் தாள்களைச் சிறு மாற்றங்களோடு இன்றும் வைத்திருக்கின்றன. ஆக, எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்த அலகு வந்தது செமஸ்டரின் கடைசி வாரத்தில். “பேப்பர்ல தினம் வர்ற விஷயம்தானே, நீங்களே படிச்சுக்குங்க” என்றார் பேராசிரியர். வெள்ளைக் காலர் குற்றத்துக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

குற்றவியல் கோட்பாட்டுத் தாளில் லொம்ப்ரோசோ தவறாமல் வருவார். பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான் என்று 1876-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர். அந்தக் கோட்பாடு எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1871-இல், இந்தியாவில் பிறப்பை வைத்துக் குற்றவாளியாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தப் பதிவை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிரிழந்தார்கள். மண்டையோட்டு அளவுகளை மனப்பாடம் செய்த எங்கள் வகுப்பில் இந்த ஊரின் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை.

சாட்சியச் சட்டத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. இயல்பான மனித நடத்தையை வைத்து நீதிமன்றம் சில உண்மைகளை அனுமானித்துக்கொள்ளலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 114 சொல்கிறது. புதிய சட்டத்தில் அது 119. யாருடைய இயல்பு என்ற கேள்வி வகுப்பில் எழுவதே இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து போனார்கள். நிலக்கிழார்களை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, காரும் பெரும் நிலமும் வைத்திருக்கிற பணக்காரர்கள் ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை. நாம் இதைப் பெருந்துயரமாக மேடைகளில் பேசுகிறோம். எனக்கு அது ஒரு சாட்சியச் சட்டப் பாடம். மிராசுதார் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று ஊர் நம்புகிறதோ, அது ‘இயல்பான நடத்தை’யாகத் தீர்ப்புக்குள் நுழைந்துவிட்ட பாடம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்தை ‘சிறப்புச் சட்டங்கள்’ என்ற மூட்டையில் கட்டி, கஞ்சா, கலப்படம், வரதட்சணையோடு சேர்த்து நடத்துவதுதான் வழக்கம். உண்மையில், குற்ற மனம் என்ற குற்றவியலின் மையக் கருத்தைக் கற்றுக்கொள்ள இதைவிடக் கூர்மையான சட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது. பிரிவு 3(2)(5)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மீது செய்தால் ஆயுள் தண்டனை. 1989-இல் இயற்றப்பட்டபோது, பாதிக்கப்பட்டவர் அந்தச் சாதியினர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஒரு தொடர் எத்தனை வழக்குகளை விழுங்கியிருக்கிறது! நிலத் தகராறில் வெட்டினேன், சாதிக்காக இல்லை. காதல் பிடிக்கவில்லை, சாதிக்காக இல்லை. கூலி கேட்டான், கோபம் வந்தது, சாதிக்காக இல்லை. நிலமும் காதலும் கூலியும் இந்த ஊரில் எப்போது சாதிக்கு வெளியே இருந்தன என்று எதிர்த்தரப்பைக் கேட்கத் தெரிந்த அரசு வழக்கறிஞர் அரிதாகவே இருந்தார்.

2015 திருத்தம் அந்தத் தொடரை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் இன்ன சாதியினர் என்று ‘தெரிந்தே’ செய்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று பிரிவு 8-இலும் சேர்த்தார்கள். ஒரே ஊரில் வாழ்கிறவருக்கு எதிர்ச் சேரி தெரியாது என்று இனி வாதிட முடியாது. ஆனால் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் பார்வையற்ற ஒரு தலித் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பட்டான் ஜமால் வலி வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021-இல் பாலினம், சாதி, உடல் குறைபாடு மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அருமையாக எழுதியது. பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் ‘என்ற காரணத்தால்’ என்பதற்குச் சான்று இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கிவிட்டது. ஒரே தீர்ப்புக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒரு செமஸ்டர் முழுக்க விவாதிக்கலாம்.

நமக்காக எழுதப்பட்ட விதி நமக்கே எதிராகத் திரும்புவதையும் பார்க்க வேண்டும். இந்த வழக்குகளை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்கிறது 1995 விதிகளின் விதி 7. பாதிக்கப்பட்டவருக்கான பாதுகாப்பு அது. ஆனால் ஆய்வாளரை வைத்து விசாரணையை முடித்துவிட்டால், அந்தப் பிழையையே காட்டி வன்கொடுமைப் பிரிவுகளிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் தப்பலாம். சுன்னிலால் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட விசாரணை செல்லாது என்றது. பிழை செய்தது போலீஸ், இழந்தது பாதிக்கப்பட்டவர். விசாரணை தொடங்கிய வாரத்திலேயே இதைக் கவனித்து ஒரு மனு போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் கதை வேறு.

வேறாக நடந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. 2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு நாமக்கல்லில் தள்ளாடிக்கொண்டிருந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். அவருடைய தாய் விடாமல் நீதிமன்றத்தை நாடினார். விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது, அரசுத் தரப்பு வழக்கறிஞரும் மாறினார். திருச்செங்கோடு கோயிலின் சி.சி.டி.வி. பதிவை மின்னணுச் சாட்சியமாக நிலைநிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு தாயின் பிடிவாதமும் குற்றவியல் நடைமுறையைக் கரைத்துக் குடித்த வழக்கறிஞர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

சிறையும் தண்டனையும்தான் விடுதலையா என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லைதான். நான் மரண தண்டனைக்கு எதிரானவள். உடுமலை சங்கர் வழக்கில் ஐந்து பேரின் தூக்கு 2020-இல் ஆயுளாகக் குறைந்தபோது எனக்கு வருத்தமில்லை. சதி நிரூபிக்கப்படவில்லை என்று பெண்ணின் தந்தை விடுவிக்கப்பட்ட பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறையைச் சந்தேகிப்பதற்கும் இந்தப் படிப்பு வேண்டும். எந்தச் சாதிக் கைதி கூட்ட வேண்டும், எந்தச் சாதிக் கைதி சமைக்க வேண்டும் என்று சொன்ன சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்தான். தண்டனையியல் தாளை நடத்தும் எத்தனை பேருக்கு அந்த விதிகள் இருந்தது தெரிந்திருந்ததோ!

இப்போது அவசரமான ஒன்று. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். வகுப்புகளில் 302 என்பது 103 ஆனதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173(3), மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 3(1) குற்றங்களுக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18ஏ சொல்கிறது. அந்த 18ஏ-வுக்காக 2018 ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தெருவில் நின்றோம். வன்கொடுமைச் சட்டமே மேலோங்கும் என்று பிரிவு 20-ஐக் காட்டி வாதிடலாம், வாதிட்டே ஆக வேண்டும். ஆனால் புகாரோடு வருகிறவரிடம் “14 நாள் கழிச்சு வாங்க” என்று ஒரு நிலையத்தில் சொன்னால் பிரிவு 20-ஐ எடுத்துப் போட அங்கே யார் இருப்பார்? ஆய்வேட்டுத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இளநிலை முடித்த தங்கை ஒருத்தி அழைத்தாள். அவள் ஊர் வழக்கில் மறுநாள் பிணை மனு. “செத்துப்போனவரோட அம்மாவுக்கு நோட்டீஸே வரல அக்கா. நேராப் போனா பேச விடுவாங்களா?” பிரிவு 15ஏ-வின் உட்பிரிவு 3, 5 இரண்டையும், அந்த அறிவிப்பு கட்டாயம் என்று சொல்லிப் பிணையையே ரத்து செய்த 2021 ஹரிராம் பாம்பி தீர்ப்பையும் அனுப்பினேன். மனு ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. அந்த அம்மாவின் பேச்சைக் கேட்கிறேன் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். “இது எந்தத் தாள்ல வரும் அக்கா?” என்று கேட்டாள். எங்கள் காலத்தில் எதிலும் வரவில்லை என்றேன். எல்.எல்.எம். படிவத்தில் பிரிவை நிரப்ப அவளுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.