ஒரு வாய் பொரி

ஆயுத பூஜையன்று குன்றத்தூர் பக்கம் போயிருந்தேன். ஒரகடம் கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை. இருபது பேர் வேலை செய்கிறார்கள். வாசலில் வாழைக்கன்று, பிரஸ் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், லேத்துக்கு மாலை. முதலாளி பூசணிக்காய் உடைத்தார். பிறகு எல்லோருக்கும் ஒரு புதுச் சட்டை, ஒரு பொட்டலம் பொரி கடலை.

ஒரு பையன் மட்டும் சட்டையை வாங்கிக்கொண்டு, பொரியை வேண்டாம் என்றான்.

“ஏம்பா, ஒரு வாய் பொரி தின்னா உங்க சாமி கோவிச்சுக்குமா?” என்றார் சூப்பர்வைசர்.

“அதெல்லாம் இல்ல சார். பூஜையில வச்சதை நான் சாப்பிடறதில்ல, அவ்ளோதான்.”

“வருஷம் பூரா அந்த மெஷின்தானே உனக்குச் சோறு போடுது? ஒரு கும்பிடு போட்டா கொறஞ்சா போயிடுவே?”

பின்னால் யாரோ “அல்லேலுயா!” என்று குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். ஆனால் கையை நீட்டவில்லை. நான் என் பங்குப் பொரியைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தேன். நேர்மையாகச் சொல்வதென்றால், எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு வாய்தானே, தின்றுவிட்டுப் போனால் என்ன?

இந்த ‘ஒரு வாய்தானே’ என்பது ரொம்பப் பழைய வாதம். ஏறக்குறைய கி.பி. 112-ல், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா மாகாணத்துக்கு பிளினி என்பவர் ஆளுநர். கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வரப்பட்டவர்களை என்ன செய்தேன் என்று ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவை நிந்தித்தவர்களை விட்டுவிட்டார். மாட்டேன் என்று நின்றவர்களுக்குத் தண்டனை. வேறு குற்றம் என்ன செய்தார்கள் என்பது இருக்கட்டும், அந்தப் பிடிவாதத்துக்கே தண்டிக்கலாம் என்பது அவர் கட்சி. ஒரு சிட்டிகை சாம்பிராணிதானே!

குன்றத்தூர்க்காரர்களுக்கு இதை வெளியூர்க் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. இது சேக்கிழார் பிறந்த ஊர். பெரிய புராணத்தில் அவர் பாடிய திருநாவுக்கரசர் யார்? சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவர். அதற்காகப் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் ஏழு நாள் பூட்டினான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான் என்கிறது புராணம். மனிதர் அசையவில்லை. பாபிலோனில் ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து எரியும் சூளைக்குள் போன மூன்று வாலிபர்களின் கதை பைபிளில் இருக்கிறது. சூளைக்கும் நீற்றறைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நாவுக்கரசரைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர், பொரியை மறுக்கும் பையனைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் புரியவில்லை.

பட்டறையில் சிரிப்போடு போயிற்று. மேலே போகப் போக விலை ஏறுகிறது.

லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் 2017-ல் ராணுவத்தின் 3-வது கேவல்ரி ரெஜிமென்டில் சேர்ந்தார். அவர் தலைமையில் இருந்தவர்கள் சீக்கிய வீரர்கள். ரெஜிமென்டில் கோயிலும் குருத்வாராவும் இருந்தன. வீரர்களோடு வாராவாரம் அங்கே போவேன், செருப்பைக் கழற்றுவேன், தலைப்பாகை கட்ட வேண்டிய இடத்தில் கட்டுவேன், ஆனால் கருவறைக்குள் வந்து பூஜையில் கலந்துகொள்வதிலிருந்து மட்டும் விலக்கு கொடுங்கள் என்று கேட்டார். 2021-ல் பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள். மேலதிகாரியின் சட்டபூர்வமான கட்டளைக்கு மேலாக மதத்தை வைத்துவிட்டார் என்று 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அவர் மனுவைத் தள்ளி, ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்றது.

ராணுவத்தில் கட்டளை என்றால் கட்டளைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆளாளுக்கு மனசாட்சியைக் காட்டி நழுவினால் படை நடத்த முடியாது. ஆனால் இவர் எல்லைக்குப் போகமாட்டேன் என்றா சொன்னார்? கோயில் முற்றம் வரை வந்தவரைக் கருவறைக்குள் இழுத்தால்தான் படையின் கட்டுக்கோப்பு நிற்கும் என்றால், அந்தக் கட்டுக்கோப்பு மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. உள்ளே போனால் தப்பில்லை என்று ஒரு பாதிரியாரே சொன்னாராமே என்பதும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சொல்லியிருக்கட்டும். மனசாட்சி கமலேசனுடையது. பாதிரியார் கையெழுத்துப் போட்டு அட்டெஸ்ட் செய்ய அது என்ன ரேஷன் கார்டு நகலா?

இதே சுப்ரீம் கோர்ட் ஒரு காலத்தில் வேறு மாதிரி பேசியது. கேரளாவில், கோட்டயம் பக்கம் கிடங்கூர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மாட்டார்கள், அவர்கள் நம்பிக்கை அப்படி. பிள்ளைகள் அவமரியாதை செய்யவில்லை என்று விசாரணை அறிக்கையே சொன்ன பிறகும் 1985 ஜூலையில் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். 1986 ஆகஸ்ட்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒருவருடைய நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியில்லை, அவர் அதை உண்மையாக நம்புகிறாரா என்பதுதான் கேள்வி என்றார்கள். ஸ்கூல் பிள்ளைகளும் ராணுவ அதிகாரியும் ஒன்றில்லைதான். இருந்தாலும் நாற்பது வருஷத்தில் நமக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

இந்த இடத்தில் முடித்திருந்தால் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் பாராட்டிக் கடிதம் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.

பி.காம் படித்தவன் என்பதால் எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி எனக்கு. அடுத்தவர் சாமியைக் கும்பிட மாட்டேன் என்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய செலவு கிடையாது. கொஞ்சம் கிண்டல், ஒரு பொட்டலம் பொரி. தன் வீட்டு விக்கிரகத்தைக் கும்பிடமாட்டேன் என்கிறபோதுதான் செலவுப் பக்கம் நிரம்பும்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுத்து மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ வன்னியர், கிறிஸ்தவ வெள்ளாளர். முன்னால் இருக்கும் சொல்லுக்குத்தான் ஞானஸ்நானம், பின்னால் இருக்கும் சொல் நனையவே இல்லை. ரட்சிக்கப்பட்ட குடும்பம், ஜெபிக்கிற பெண் என்று ஆரம்பித்து எத்தனை சவரன் என்பதில் வந்து நிற்கும் சம்பந்தங்களை நானே பார்த்திருக்கிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். அதை எதிர்த்துப் போராடியே ஒரு தலைமுறை போய்விட்டது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதில் மூண்ட மோதல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிரைக் குடித்தது. இரண்டு பக்கமும் ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்கள்தான். சாதி என்ற பொற்சிலைக்கு முன்னால் முழங்கால் எவ்வளவு சுலபமாக மடங்குகிறது!

நின்று காட்டியவர்களும் உண்டு. சூசை என்று ஒருவர். சென்னையில் காந்தி இர்வின் பாலம் அருகே ரோட்டோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். 1982-ல் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாக பங்க் கடை கொடுக்கும் திட்டம் வந்தது. பட்டியல் சாதி இந்துக்களுக்குத்தான், உனக்கு இல்லை என்றார்கள். 1950-ம் வருஷ ஜனாதிபதி ஆணை அப்படி. (அதில் சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை.) நான் இந்துதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெயிலுக்கு ஒரு கூரை கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. கிறிஸ்தவனாகவே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 1985-ல் கோர்ட் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது.

ஆதாரம் கல்லறைத் தோட்டத்தில் சுவராக நின்றதே! சூசைக்குக் கூரை கிடைக்காததற்கு டெல்லி போட்ட ஆணை மட்டும் காரணமில்லை. எங்களிடம் சாதியே இல்லை என்று மேடையில் பேசி, கல்லறையில் சுவர் வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம் என்பவனை விட்டுவிடுங்கள். அவன் தின்னாததால் எந்த மெஷினும் நிற்காது. கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பொரியை மறுத்ததை சபையில் சாட்சியாகச் சொல்லும்போது, வீட்டில் மறுக்காமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூஜை முடிந்து அந்தப் பையனோடு டீக்கடையில் நின்றேன். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம்.

“பொண்ணு கிறிஸ்டியனா தம்பி?”

“கிறிஸ்டியன்தான் சார்.” கொஞ்சம் தயங்கினான். “ஆனா நம்ம ஆளுங்கள்லதான் வேணும்னு அம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

பட்டறையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். பதில் இல்லை.

சூப்பர்வைசர்கிட்ட அவ்வளவு தெளிவா ‘வேணாம்’னு சொன்னியே தம்பி, அதை அம்மாகிட்டயும் ஒரு தடவை சொல்லிப் பாரேன்.