பழைய காரைக் கொடுத்துவிட்டு டீசல் கார் வாங்கலாமா?

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் நிற்கும் கார்களைச் சற்றுக் கவனித்தால், அவற்றுள் பல பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓடியவை என்பது தெரியும். ஆல்ட்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர், இன்டிகா. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுபவர், பள்ளி ஆசிரியர், பஜாரில் சிறு கடை வைத்திருப்பவர் எனப் பலரும் கடன்பட்டு வாங்கிய முதல் கார்கள் இவை. இவர்களிடையே 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கேள்வி சுற்றி வருகிறது. "பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாம், பழைய இன்ஜின் தாங்காதாம். வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் வண்டி எடுத்துவிடலாமா?"

கேட்பவர்களில் பலர் வங்கியில் நகையை வைத்தோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கியதை எடுத்தோதான் இதைச் செய்ய வேண்டும். ஆகவே இந்தக் கேள்வியை நாம் சற்றுப் பொறுமையாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அச்சத்தைப் பார்ப்போம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2030-க்குள் கொண்டுவருவதாக இருந்த இலக்கை மத்திய அரசு முன்னுக்கு இழுத்தது. 2025-இல் நாட்டின் பெரும்பாலான பங்க்குகளில் இதுவே கிடைக்கத் தொடங்கியது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த புதிய கார்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை. அதற்கு முந்தியவை அப்படியல்ல. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்டுத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எனவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வேறு பெட்ரோலுக்கு வழியில்லை என்பது உண்மைதான்.

ஆனால் எவ்வளவு நட்டம்? நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வகை நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பின் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. இது எரிச்சலூட்டும் செலவுதான். கார்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தலையில் சுமத்தப்பட்ட செலவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் காரையே தூக்கிக் கொடுக்கும் அளவுக்கான செலவு அன்று.

இதில் நம் கரிசல் பூமிக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலத்தில் பெரும்பகுதி இன்று மக்காச்சோளக் காடு. 2018-இல் படைப்புழு வந்து தின்றுவிட்டுப் போனபோதும் நம் சம்சாரிகள் அதை விடவில்லை. முன்பெல்லாம் இங்கு விளைந்தது நாமக்கல் கோழிகளுக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின், எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. அந்த எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று விலை வைத்தார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. ஆக, காட்டில் மக்காச்சோளத்துக்கு விலை கிடைக்கிறது என்று மகிழ்ந்த அதே வீட்டார், ஊருக்குள் வந்து பங்க்கில் நிற்கும்போது எத்தனாலைத் திட்டுகிறார்கள்! அந்த விலையும் நிலைக்கவில்லை. 2025-இன் இறுதியில் கர்நாடகத்தில் ஆதரவு விலையான 2,400 ரூபாய்கூடக் கிடைக்காமல் மக்காச்சோள விவசாயிகள் போராட வேண்டியிருந்தது.

இனி டீசலுக்கு வருவோம். டீசல் கார் சிக்கனமானது என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வேரூன்றியது? 1998 இறுதியில் டாடா இன்டிகா டீசலில் வந்தது. 2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்ட அரசு, டீசலை மட்டும் பிடித்து வைத்திருந்தது. லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் மோட்டார் பம்புக்கும் என்று கொடுத்த மானியம் அது. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம்! அந்தக் காலத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்குமேல் டீசலாக இருந்ததில் வியப்பென்ன? சம்சாரிக்கென வைத்த மானியத்தைக் கார்க்காரர்கள் அனுபவித்தார்கள். கிரீத் பாரிக் குழு 2010-லேயே டீசல் கார் ஒவ்வொன்றுக்கும் 80,000 ரூபாய் கூடுதல் வரி போடச் சொன்னது. அரசு அதைக் கேட்கவில்லை.

அந்தக் காலம் 2014 அக்டோபரோடு முடிந்தது. டீசல் விலையும் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 2020 ஜூனில் டில்லியில் சில நாள் பெட்ரோலைவிட டீசலே விலை கூடியிருந்தது. 2024 மார்ச் 15 அன்று லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தபின் சென்னையில் பெட்ரோல் ஏறக்குறைய 101, டீசல் ஏறக்குறைய 92. வித்தியாசம் ஒன்பது ரூபாய் அளவுதான். நாம் இன்றும் 2012-இன் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டி தேடுகிறோம்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் விலை ஏறினாலும் இறங்கினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது என்றால் செலவு சுமார் 57,700 ரூபாய். டீசல் கார் 19 கிலோமீட்டர் தந்தால் சுமார் 38,700. மிச்சம் ஆண்டுக்குப் பத்தொன்பதாயிரம். நம் காருக்கு ஒரு லட்சம் கிடைத்து, டீசல் காருக்கு மூன்றரை லட்சம் கொடுத்தால், கையிலிருந்து போவது இரண்டரை லட்சம். அதற்கு 12 விழுக்காடு வட்டி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் முதல் ஆண்டு வட்டி மட்டும் முப்பதாயிரம். மிச்சம் பிடித்தது வட்டிக்கே போதவில்லை!

தினமும் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வருகிறவர், கடலை மிட்டாய் சரக்கோடு ஊர் ஊராக ஓடுகிறவர் நிலை வேறு. ஆண்டுக்கு இருபத்தையாயிரம் கிலோமீட்டர் என்றால் மிச்சம் 59,000 வரை வரும். நான்கு வழிச்சாலையில் ஒரே சீராக ஓடும் டீசல் இன்ஜினுக்கு ஆயுளும் அதிகம். அவருக்கு இது நியாயமான யோசனை. மெயின் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆலயத்துக்கும், ஆகஸ்டில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கும், இடையிடையே உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் என்று ஓட்டுகிற குடும்பத்துக்கு அன்று.

சிறு தூர ஓட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ். 6 விதி வந்தது. அதன்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் சற்று நேரம் விரைந்து ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் விளக்கு எரியும், பிறகு செலவு வரும். இந்த விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆகவே நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் சிறிய டீசல் கார்கள் பெரும்பாலும் 2012-க்கும் 2020-க்கும் இடைப்பட்டவை. அவற்றின் இன்ஜெக்டரும் டர்போவும் நல்ல காற்றையும் நல்ல டீசலையும் நம்பி வாழ்பவை. நம் ஊர்க் கோடைப் புழுதி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஏர் ஃபில்டரை ஒழுங்காக மாற்றாத ஒருவரிடமிருந்து வாங்கினால், அவர் செய்யாமல் விட்ட பராமரிப்புக்கு நாம் பணம் கட்டுவோம். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிகளைக் கேட்டால் பெட்ரோல் இன்ஜினில் ஆயிரங்களில் முடிவது டீசலில் பத்தாயிரங்களில் நிற்கும் என்பார்கள்.

வயதையும் பார்க்க வேண்டும். 2012-இல் பதிவான வண்டிக்கு 2027-இல் பதினைந்து ஆண்டு நிறைகிறது. அப்போது தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ஆக்கப்பட்டது. இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி.

விலை மலிவாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஏன் மலிவு என்று திருப்பிக் கேட்பதுதான் நல்லது. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-இல் அதே நீதிமன்றம் பிடியைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் அங்கே விலைபோகாத வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு வந்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு பத்தாண்டுத் தடை கிடையாது. ஆனால் டில்லி எண் கொண்ட வண்டியை வாங்கினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, இங்கே மறுபதிவு செய்து, நம் மாநில வரியும் கட்ட வேண்டும். தரகர் சொல்லும் விலையில் இதெல்லாம் இருக்காது.

இன்னொரு மலிவு, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலேயே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து சந்தைக்கு வந்திருக்கும் என்று எண்ணுவது சந்தேக புத்தி ஆகாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், நுனியில் சேற்றுக் கறை இருக்கும். காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு தெரியும். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். 'இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன்' என்று சூடாக நிறுத்தி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

புகையைப் பற்றியும் பேச வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது. பி.எஸ். 4 டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதி. பி.எஸ். 6-இல் அது 80 மட்டும். நாம் வாங்கப்போவது பெரும்பாலும் முந்தைய வகை. அந்தப் புகை காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருக்கும் நமக்கு வருவதைவிட, தெருவோரத்தில் பூ விற்கும் அம்மாவுக்கும் சைக்கிளில் பள்ளி செல்லும் பிள்ளைக்கும்தான் அதிகம் போகிறது.

அப்படியானால் என்ன செய்வது? காரின் பாடியில் துரு ஏறாமல், இன்ஜின் எண்ணெய் குடிக்காமல் இருந்தால், இருபதாயிரம், முப்பதாயிரம் செலவழித்து ரப்பர் குழாய்கள், பிரேக், கிளட்ச், டயர் ஆகியவற்றைப் பார்த்து இன்னும் மூன்று, நான்கு ஆண்டு ஓட்டுவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது நம் கருத்து. நள்ளிரவில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ ஓட வேண்டிய ஊர் நம்முடையது. 108-ஐ அழைத்தாலும், பின்னால் துணைக்குப் போக வண்டி வேண்டும். பழகிய பழைய கார் எப்போது மக்கர் செய்யும் என்று நமக்குத் தெரியும், புதிதாக வந்த பழைய காரைப் பற்றித் தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்க வேண்டும். இறங்காத விலை சொல்பவரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம்.

கொடுப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எத்தனாலுக்குப் பயந்து நாம் தள்ளிவிடும் காரை வாங்குபவர் பெரும்பாலும் நம்மைவிட வசதி குறைந்தவர், அதை ஓட்டிப் பிழைக்க நினைக்கும் இளைஞராகவும் இருக்கலாம். எண்ணெய் ஒழுகுவதை, கியர் சிக்குவதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதோடு, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. வண்டி கைமாறி கைமாறிப் போய் எங்கோ ஒருவர்மேல் மோதினால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29-லும் 30-லும் கையெழுத்திட்டு, விற்ற பதினான்கு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாங்கியவர் 'அடுத்த வாரம் மாத்திக்கிறேன் அண்ணாச்சி' என்றால், அந்த அடுத்த வாரம் வரை வண்டி நம் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.