ஏர்மாட் போட்டாச்சு, இனி புகை வராது!

நண்பர் ஒருத்தர் கடலோரத்துல வரப்போற ஒரு ஆலையோட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை அனுப்பி, "நீ இஞ்சினியர்தானே, படிச்சுச் சொல்லுப்பா"ன்னார். நான் பொட்டி தட்டுற இஞ்சினியர். இருந்தாலும் படிச்சேன். காற்று மாசு அத்தியாயத்துல இருந்தது ஒரே மந்திரம்தான்: "ஏர்மாட் மாடல் பயன்படுத்தப்பட்டது." கீழே, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும் ஒரு அட்டவணை. அவ்ளோதான்!

புகைபோக்கிப் புகை எங்கே, எவ்வளவு விழும்னு கணக்குப் போடற மென்பொருள்தான் இந்த மாடல். முன்னாடி ஐஎஸ்சின்னு ஒன்னு இருந்துச்சு. காத்தோட நிலையை ஆறே வகுப்பா பிரிச்சுக் கணக்குப் போடும். அந்தக் கணக்குக்குப் பெரிய ஆதாரம் 1956-ல நெப்ராஸ்கா புல்வெளியில நடந்த சோதனை. 2005-ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை எடுத்துட்டு ஏர்மாடைக் கொண்டு வந்துச்சு. நல்ல மாடல்தான், குறை சொல்லல. ஆனா அதுவும் ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாத்தான் பாக்கும். போன மணி நேரத்துப் புகை எங்கே போச்சுங்கற ஞாபகம் அதுக்குக் கிடையாது.

எண்ணூர் மாதிரி இடத்துல என்ன நடக்கும்? ராத்திரி நிலக்காத்து புகையைக் கடலுக்குத் தள்ளும். மறுநாள் கடல்காத்து அதையே திருப்பிக் கொண்டு வரலாம். உசரமான புகைபோக்கியோட புகை, குளிர்ந்த கடல்காத்துல கலையாம ஊருக்குள்ள வரும். வெயில்ல சூடான நிலத்து மேல கொந்தளிக்கிற காத்தைத் தொட்டதும் சடார்னு கீழே இறங்கும். கீழே இருக்கறது வீடுங்க. ஏர்மாட் இதுக்காக எழுதினது இல்ல. புகையைச் சின்னச் சின்னப் பொதியா வெட்டி, காத்து திரும்பறப்ப கூடவே திருப்பற கால்பஃப் மாடல்ல இதுக்கு வழி இருக்கு.

உடனே "கால்பஃப் போடுங்க"ன்னு கிளம்பிடாதீங்க. அதுக்கு இன்னும் நிறைய காத்துத் தரவு வேணும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அமெரிக்காவுல வானிலை நிலையத் தரவுன்னா 5 வருஷம், அந்த இடத்துலயே அளந்ததுன்னா குறைஞ்சது 1 வருஷம் கேக்கறாங்க. நம்ம ஊர்ல மழைக்காலத்தை விட்டுட்டு ஒரு பருவத்துத் தரவை வச்சே அறிக்கை எழுதிடறாங்க. மிச்ச மாசத்துக்கெல்லாம் ஜோசியம்தான்.

அதனால நான் கேக்கறது ஒன்னே ஒன்னு: இன்புட் ஃபைலை வெளியிடுங்க. புகைபோக்கி உசரம், புகை வெளியேற வேகம், வெப்பம், மணிவாரியா காத்துத் தரவு, எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஏர்மாடோட ஃபோர்ட்ரான் கோடு இலவசம். யார் வேணா ஓட்டிப் பாத்துக்கலாம்.

"பொதுமக்களுக்குப் புரியாது சார்"னு சொல்வாங்க. புரியறவன் ஊருக்கு ஒருத்தனாவது இருப்பான், அவன் சொல்லுவான். 2006 அறிவிக்கைப்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தறீங்க. அட்டவணையை மட்டும் நீட்டிட்டு "கேள்வி இருக்கா?"ன்னா, அந்த மீனவர் என்னத்தக் கேப்பார்?

நான் எழுதற பில்லிங் ஸ்க்ரீன் கோடையே இன்னொருத்தர் பாக்காம ரிலீஸ் பண்ண விட மாட்டாங்க. ஊரே மூச்சு விடற காத்துக்கு அந்த மரியாதைகூட கிடையாதா?

வானிலை படிச்ச புண்ணியவான்கள் யாராவது இருந்தா, தப்பு இருக்கற இடத்துல பின்னூட்டத்துல கும்முங்க. திருத்திக்கறேன். அட்டவணையை மட்டும் பாத்து நம்பச் சொல்லாதீங்க.